ஒரே அலைவரிசையில் இருவர் அனுப்பினால்: கழித்தபின் மிச்சம் எவ்வளவு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பலர் அனுப்பும் சிக்னல்களை இனி ரிசீவரே பிரித்துக்கொள்ளும் என்றும், அதனால் அலைக்கற்றையின் கொள்ளளவு இரட்டிப்பாகிவிடும் என்றும் தங்கள் அறிவியல் பக்கக் கட்டுரை சொல்கிறது. முதல் பாதி சரி, ஆனால் புதிதல்ல. நாற்பது ஆண்டுப் பழைய கணக்கு அது. இரண்டாம் பாதி எந்தச் சூழலில், என்ன விலை கொடுத்து என்பதைச் சொல்லாமல் விட்டதால் வாசகரிடம் தவறாகவே போய்ச் சேரும். சந்தை இரைச்சலில் தெரிந்த குரலைக் காது பிடித்துக்கொள்வதுபோல என்ற உவமையும் திசைதிருப்புகிறது. காது மற்றக் குரல்களை ஒதுக்கித்தள்ளுகிறது. நல்ல ரிசீவரோ அவற்றையும் முழுக்கப் படித்து, அவை வந்த விதத்திலேயே மறுபடி உருவாக்கி, மொத்தத்திலிருந்து கழிக்கிறது. கழித்தல் எவ்வளவு துல்லியமோ அவ்வளவுதான் லாபம். கட்டுரை விட்டுவிட்ட அந்தக் கணக்கைக் கீழே தருகிறேன்.

இப்போது புழக்கத்தில் உள்ள பெரும்பாலான அமைப்புகள், பிரிக்கவேண்டிய தேவையே எழாதபடி அனுப்பச் சொல்கின்றன. இரண்டாம் தலைமுறை செல்போன் முறையான ஜிஎஸ்எம்மில் 200 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு வழியை 8 பேர் நேரம் பிரித்துப் பகிர்கிறார்கள். ஒருவருடைய முறை 577 மைக்ரோவிநாடி. தூரத்தில் உள்ள போனின் சிக்னல் தாமதமாக வந்து அடுத்தவர் முறையில் விழாதிருக்க, டவர் அதை முன்கூட்டியே அனுப்பச் சொல்கிறது. இந்த முன்தள்ளல் 0 முதல் 63 படி வரை. ஒரு படி 3.69 மைக்ரோவிநாடி, தூரத்தில் சுமார் 550 மீட்டர். ஜிஎஸ்எம் டவரின் எல்லை 35 கிலோமீட்டர் என்று சொல்வது இந்த 63ஆம் படியால்தான். சிக்னல் பலத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

நான்காம் தலைமுறை முறையான எல்டிஇயில் 15 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் துணை அலைகளை அடுக்கி, ஆளுக்குப் பன்னிரண்டு பன்னிரண்டாகப் பங்கிட்டுத் தருகிறார்கள். ஒரு துணை அலையின் உச்சியில் மற்ற எல்லாவற்றின் மதிப்பும் சுழி. ஆகவே குறுக்கீடு இல்லை. ஆனால் இந்தச் சுழி இரண்டு நிபந்தனைகளைப் பொறுத்தது. எல்லாப் போன்களின் சிக்னலும் சுமார் 4.7 மைக்ரோவிநாடி கொண்ட பாதுகாப்பு இடைவெளிக்குள் வந்து சேரவேண்டும். எல்லோருடைய அலைவெண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும். போனின் அலைவெண் டவருடையதிலிருந்து ஒரு கோடியில் ஒரு பங்கு விலகலாம் என்பது விதி. 2 கிகாஹெர்ட்ஸில் அது 200 ஹெர்ட்ஸ். அந்த அளவு விலகினால் ஒரு துணை அலை அடுத்ததன்மீது சுமார் 37 டெசிபெல் கீழே கசியும். பக்கத்துத் துணை அலைகளில் இருப்பவர் 40 டெசிபெல் பலமாக வந்தால் அந்தக் கசிவே நம் சிக்னலைவிடப் பெரிது. (10 டெசிபெல் என்றால் திறனில் பத்து மடங்கு, 20 என்றால் நூறு, 30 என்றால் ஆயிரம், இந்தக் கடிதம் முழுக்க இதே கணக்கு.) முழுக்க முழுக்க விலகி நிற்கும்படி வடிவமைத்த அமைப்பிலும் பலம் ஒத்துப்போகவேண்டும் என்ற நிபந்தனை எப்படி உள்ளே வந்துவிடுகிறது பாருங்கள்.

சிடிஎம்ஏவில் இது உயிர்ப் பிரச்சினை. அங்கே எல்லோரும் ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில், ஆளுக்கொரு பரப்புக் குறியீட்டைப் (தகவலைவிட வேகமாக மாறும் +1, −1 வரிசையைப்) பெருக்கி அனுப்புகிறார்கள். ரிசீவர் யாருடைய குறியீட்டைக் கொண்டு மறுபடி பெருக்கிக் கூட்டுகிறதோ அவருடைய சிக்னல் நிமிர்ந்து நிற்கும். மற்றவை இரைச்சல்போலச் சிதறும். ஐஎஸ்-95 என்ற சிடிஎம்ஏ செல்போன் முறையில் விநாடிக்கு 12,28,800 சில்லுகள் (குறியீட்டு வரிசையின் ஒவ்வொரு உறுப்பும் ஒரு சில்லு), தகவல் விநாடிக்கு 9,600 பிட். விகிதம் 128, அதாவது 21 டெசிபெல். மற்றவர் எவ்வளவு பலமாக வந்தாலும் 21 டெசிபெல் மட்டுமே அடங்குவார். டவரிலிருந்து 50 மீட்டரில் ஒருவர், 1,000 மீட்டரில் ஒருவர், இருவரும் ஒரே பலத்தில் அனுப்புகிறார்கள் என்று வையுங்கள். தூரத்தின் 3.5 அடுக்காகச் சிக்னல் தேய்ந்தால் இருவருக்கும் இடையே 45.5 டெசிபெல் வித்தியாசம். 21ஐக் கழித்தபின்னும் கிட்டத்தில் உள்ளவர் 24.5 டெசிபெல் மேலே நிற்கிறார்; தூரத்தில் உள்ளவர் காணாமல் போனார். இதற்கு ஐஎஸ்-95 கண்ட வழி, விநாடிக்கு 800 முறை ஒவ்வொரு போனுக்கும் பலத்தைக் கூட்டு, குறை என்று ஒரு பிட் ஆணை அனுப்புவது. ஒரு ஆணைக்கு 1 டெசிபெல். பின்னால் வந்த மூன்றாம் தலைமுறை டபிள்யூசிடிஎம்ஏவில் இது விநாடிக்கு 1,500 முறை ஆனது. ரிசீவரை அறிவாளியாக்குவதற்குப் பதில் அனுப்புபவரை அடக்கிவைத்தார்கள். அன்றைய மின்னணுச் சிப்புகளின் கணக்கிடும் வேகத்துக்கு அது சரியான முடிவு என்பதே என் கருத்து.

ஆணை அனுப்ப முடியாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு ஜிபிஎஸ் நல்ல உதாரணம். எல்லாச் செயற்கைக்கோள்களும் 1575.42 மெகாஹெர்ட்ஸிலேயே அனுப்புகின்றன. ஒவ்வொன்றுக்கும் 1,023 சில்லு நீளமுள்ள தனிக் குறியீடு. மில்லிவிநாடிக்கு ஒருமுறை அது திரும்ப வரும். இந்தக் குறியீடுகளில் எந்த இரண்டை எடுத்துப் பொருத்தினாலும் மிச்சம் 1,023இல் 65ஐத் தாண்டாது, அதாவது சுமார் 24 டெசிபெல் கீழே. திறந்தவெளியில் எல்லாக் கோள்களும் ஏறக்குறைய ஒரே பலத்தில் வருவதால் 24 தாராளம். கட்டடத்துக்குள் ஜன்னல் வழியே ஒரு கோள் நேரடியாகவும், இன்னொன்று கான்கிரீட் வழியே 25 டெசிபெல் தேய்ந்தும் வந்தால், தேய்ந்ததைத் தேடும் ரிசீவர் பலமானதன் மிச்சத்தையே அது என்று நினைத்துப் பூட்டிக்கொள்ளும். உள்ளறைகளில் இருப்பிடம் தாறுமாறாகக் காட்டுவதற்கு உள்ள காரணங்களில் இதுவும் ஒன்று.

இனி கழித்தல் கணக்கு. தாளில் போட்டுப் பார்க்கக்கூடியதுதான். இரண்டு பேர். முதலாமவர் வீச்சு 1, இரண்டாமவர் வீச்சு 4. இருவரின் குறியீடுகளுக்கும் இடையே ஒட்டுறவு (ஒன்றையொன்று எவ்வளவு ஒத்திருக்கின்றன என்ற அளவு) 0.5. ஒவ்வொருவரும் +1 அல்லது −1 அனுப்புவார்கள். முதலாமவர் +1, இரண்டாமவர் −1 அனுப்பினார். இரைச்சலை இப்போதைக்கு மறந்துவிடலாம். முதலாமவரின் குறியீட்டால் பெருக்கிக் கூட்டும் வடிகட்டியின் வெளியீடு: 1 + 0.5 × (−4) = −1. ரிசீவர் −1 என்று முடிவு செய்யும், தவறு. இரண்டாமவருக்கான வெளியீடு: −4 + 0.5 × 1 = −3.5. சரி. இங்கே கவனிக்கவேண்டியது, முதலாமவரின் தவறு இரைச்சலால் வரவில்லை. ஆகவே இருவரும் இதே பிட்டுகளை எத்தனை முறை திருப்பி அனுப்பினாலும் அதே தவறு அதே இடத்தில் வரும்.

இப்போது முதல் வெளியீட்டிலிருந்து இரண்டாவது வெளியீட்டின் பாதியைக் கழியுங்கள்: −1 − 0.5 × (−3.5) = 0.75. நேர்க்குறி, சரியான விடை. இரண்டாமவரின் வீச்சு 4 அல்ல, 400 ஆனாலும் இதே 0.75தான் வரும். அவர் எவ்வளவு பலமாக வந்தாலும் கவலையில்லை. வீச்சைத் தெரிந்துவைத்திருக்கவும் தேவையில்லை. ஒட்டுறவு மட்டும் தெரிந்தால் போதும். ஒட்டறுப்பு ரிசீவர் என்று சொல்லலாம். லூபாஸ், வெர்து ஆகிய இருவரும் 1989இல் இதன் கணிதத்தை ஒழுங்காக எழுதிவைத்தார்கள். அதற்கு முன்பே, 1984இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் முடித்த ஆய்வேட்டில், செர்ஜியோ வெர்து சாத்தியமான எல்லாச் சேர்க்கைகளையும் ஒப்பிட்டு மிகப் பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்கும் உத்தம ரிசீவரைக் காட்டிவிட்டார். அதன் சிக்கல் எண்ணிக்கை: 10 பேர் என்றால் 1,024 சேர்க்கைகள், 20 பேர் என்றால் பத்து லட்சத்துக்கு மேல். ஒரு பிட்டுக்குப் பதில் இரண்டு பிட் அனுப்பினால் 10 பேருக்கே பத்து லட்சம்.

ஒட்டறுப்புக்கும் ஒரு விலை உண்டு. 1ஆக இருந்தது 0.75ஆகக் குறைந்தது அல்லவா? இரைச்சலும் அதே அளவு குறைகிறது, ஆனால் வீச்சில் அல்ல, திறனில். விளைவாகச் சிக்னல்–இரைச்சல் விகிதம் (1 − ஒட்டுறவின் இருபடி) மடங்காகிறது. ஒட்டுறவு 0.5 என்றால் இழப்பு 1.25 டெசிபெல், பரவாயில்லை. 0.9 என்றால் 7.2 டெசிபெல். 0.99 என்றால் 17 டெசிபெல். குறுக்கீட்டை விரட்டிவிட்டு இரைச்சலை வீட்டுக்குள் விட்டதாகிவிடும். அதனால் நடைமுறையில் யாரும் முழு ஒட்டறுப்பு செய்வதில்லை. பலர் இருக்கும்போது ஒட்டறுப்பு என்பது ஒட்டுறவுகளை அடுக்கிய அணிக்கு நேர்மாறு எடுப்பதுதான்; அப்படி எடுப்பதற்கு முன் அணியின் மூலைவிட்டத்தில் இரைச்சலின் திறனைக் கூட்டிவிடுவார்கள். குறுக்கீடு பெரிதாக உள்ள திசையில் அது கழிக்கும். இரைச்சல் பெரிதாக உள்ள திசையில் கை வைக்காது. எம்எம்எஸ்இ ரிசீவர் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். புதிதாக எழுதுபவர்கள் செய்யும் வழக்கமான பிழை, இரைச்சலின் அளவை ஒரு மாறிலியாக நிரலில் எழுதிவைத்துவிடுவது. அது உண்மையைவிடப் பத்து மடங்கு குறைவாக இருந்தால் ரிசீவர் ஒட்டறுப்பாகவே நடந்துகொள்ளும். பத்து மடங்கு கூடுதலாக இருந்தால் குறுக்கீட்டைக் கழிக்கவே தயங்கும். பைலட்டிலிருந்து (அளவெடுப்பதற்காகவே அனுப்பும், ரிசீவருக்கு முன்பே தெரிந்த சிக்னலிலிருந்து) ஒவ்வொரு முறையும் அளந்து போடவேண்டிய எண் அது.

கட்டுரை புகழ்ந்த முறை இவற்றில் எதுவும் அல்ல. அது அடுத்தடுத்துக் கழிக்கும் முறை. பலமானவரை முதலில் படித்து, கழித்து, மிச்சத்தில் மெலிந்தவரைப் படிப்பது. 'இரட்டிப்பு' என்ற சொல் இங்கேதான் வந்திருக்கிறது, ஆகவே இங்கேயே கணக்கைப் பார்த்துவிடலாம். திறனில் இரைச்சல் 1, பலமானவர் 100, மெலிந்தவர் 10. பலமானவரைப் படிக்கும்போது மெலிந்தவர் குறுக்கீடு: 100ஐ 11ஆல் வகுத்தால் 9.09, பிழையின்றி அனுப்பக்கூடிய உச்ச வேகத்தைத் தரும் ஷானன் சூத்திரப்படி ஒரு ஹெர்ட்ஸுக்கு விநாடிக்கு 3.33 பிட். அவரை முழுசாகக் கழித்துவிட்டால் மெலிந்தவருக்கு விகிதம் 10, அவருக்கு 3.46 பிட். கூட்டு 6.79. இதையே நேரத்தைப் பாதிப்பாதி பங்கிட்டுச் செய்தால் 5.06. லாபம் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் இந்த ஒப்பீடு நியாயமில்லை: பாதி நேரம் சும்மா இருப்பவர் மீதிப் பாதியில் இரண்டு மடங்கு திறனில் அனுப்பலாமே? அப்படி அனுப்பினால் பங்கிடும் முறைக்கே 6.02 வந்துவிடுகிறது. 6.79க்கும் 6.02க்கும் வித்தியாசம் 13 சதவீதம்.

இருவரும் சம பலத்தில், 10ம் 10மாக, வந்தால்? கழிக்கும் முறைக்குக் கூட்டு 4.39. பங்கிட்டு, இரண்டு மடங்கு திறனில் அனுப்பும் முறைக்கும் 4.39. லாபம் சுழி. ஒற்றை ஆன்டெனாவில் இந்த முறையின் கூட்டு வேகத்துக்கான லாபம் முழுக்கப் பலத்தின் ஏற்றத்தாழ்விலிருந்து வருகிறது. மெலிந்தவருக்கு நியாயமான பங்கு கிடைப்பது கூடுதல் நன்மை. ஏற்றத்தாழ்வு கூடக்கூடத் தாளில் லாபம் கூடும். அதே ஏற்றத்தாழ்வுதான் நிஜத்தில் கழித்தலைக் கெடுப்பதும். இந்த முரணைச் சொல்லாத எந்த விளக்கமும் பாதி விளக்கம்.

கெடுவது எப்படி என்று பார்க்க, வேலை நடக்கும் வரிசை தெரியவேண்டும். வந்த சிக்னலின் மாதிரிகளை அப்படியே நினைவகத்தில் வைக்கவேண்டும். 20 மெகாஹெர்ட்ஸ் எல்டிஇயில் விநாடிக்கு 3.072 கோடி மாதிரி, ஒரு மில்லிவிநாடிக்கு 30,720, மாதிரிக்கு 4 பைட் என்றால் ஒரு ஆன்டெனாவுக்கு 1,22,880 பைட். பிறகு பலமானவரின் நேரம், அலைவெண், சேனல் (வழியில் சிக்னலின் வீச்சும் கட்டமும் மாறிய விதம்) மூன்றையும் பைலட்டிலிருந்து கணித்து, அவர் தகவலைப் பிழைதிருத்தக் குறியீடு வரை முழுக்க டிகோட் செய்து, சிஆர்சி சரிபார்ப்பு (தகவல் பிழையின்றி வந்ததா என்று காட்டும் சோதனை) தேறியதா என்று பார்க்கவேண்டும். தேறாவிட்டால் அத்தோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. மேலே உள்ள உதாரணத்தில் இரண்டாமவரின் பிட்டைத் தவறாக +1 என்று முடிவு செய்து கழித்தால் முதலாமவருக்கு −1 − 2 = −3 கிடைக்கும்; குறுக்கீடு போவதற்குப் பதில் வீச்சில் இரண்டு மடங்கு, திறனில் நான்கு மடங்கு ஆகிறது. சிஆர்சி தேறினால், அந்தப் பிட்டுகளை அனுப்பியவர் செய்ததுபோலவே மறுபடி குறியீடாக்கி, அதே துடிப்பு வடிவம், அதே அலைவெண் விலகல், அதே சேனல் வழியே செலுத்தி, நினைவகத்தில் உள்ளதிலிருந்து கழிக்கவேண்டும். அதற்குப் பிறகே மெலிந்தவரின் சேனலைக் கணிப்பது. வரிசை மாறி, மெலிந்தவரின் பைலட்டைக் கழிப்பதற்கு முன்பே படித்தால் அந்தக் கணிப்பு குப்பை.

இதில் பலர் அஞ்சுவது சேனல் கணிப்பின் பிழையை. உண்மையில் அது அவ்வளவு கொடியதல்ல. தெரிந்த குறிகள் (ஒவ்வொரு முறையாக அனுப்பும் அலைத்துண்டுகள்) நூறு கொண்டு கணித்தால், அந்தக் கணிப்பால் வரும் மிச்சம், இரைச்சலும் மெலிந்தவரும் சேர்ந்த திறனில் நூறில் ஒரு பங்குதான்: (1 + 10) ÷ 100 = 0.11. பலமானவர் எவ்வளவு பலமானவர் என்பதே அதில் வரவில்லை. மேலும், சிஆர்சி தேறியபின் அவருடைய முழுப் பொட்டலமும் தெரிந்த குறிகளே. அத்தனையையும் பைலட்டாக வைத்து சேனலை மறுபடி கணித்துக் கழிப்பது மலிவான, பெரிய முன்னேற்றம். பைலட்டை மட்டும் கொண்டு கழித்துவிட்டு 'முறை வேலை செய்யவில்லை' என்று சொல்வோர் இந்த ஒரு படியைத்தான் விட்டிருப்பார்கள்.

கொடியவை வேறு. பலமானவரின் திறனோடு சேர்ந்து வளரும் பிழைகள். முதலாவது கட்டச் சுழற்சி. (அலை தன் சுற்றில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதே கட்டம்.) மறுபடி உருவாக்கிய சிக்னலுக்கும் வந்த சிக்னலுக்கும் கட்டம் 5.7 பாகை விலகினால் மிச்சம் பலமானவரின் திறனில் நூறில் ஒன்று. அவர் 100ஆக இருந்தால் மிச்சம் 1, இரைச்சலுக்குச் சமம். மெலிந்தவர் 3 டெசிபெல் இழப்பார். அவர் 1,000ஆக இருந்தால் மிச்சம் 10. மெலிந்தவரின் விகிதம் 10இலிருந்து 0.9க்குச் சரிகிறது. இந்த 5.7 பாகை விலக எவ்வளவு நேரம் ஆகும்? முன்னே சொன்ன 200 ஹெர்ட்ஸ் விலகலில் கட்டம் மில்லிவிநாடிக்கு 72 பாகை சுழல்கிறது; 79 மைக்ரோவிநாடி போதும். எல்டிஇயில் பாதுகாப்பு இடைவெளியோடு ஒரு குறியின் நீளமே 71. ஆகவே பல குறிகள் கொண்ட ஒரு நேரத்துண்டுக்கு ஒருமுறை சேனலைக் கணித்துவிட்டுக் கழிப்பது பயனற்றது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அலைவெண்ணைக் கணித்து, குறிக்குக் குறி கட்டத்தைத் தொடரவேண்டும்.

இரண்டாவது, அனுப்பும் கருவியின் பெருக்கி. அது சிக்னலைச் சற்றே வளைத்து அனுப்பும். 64 நிலைப் பண்பேற்றத்தில் 8 சதவீதம் வரை பிழை வீச்சு இருக்கலாம் என எல்டிஇ விதி அனுமதிக்கிறது. திறனில் அது சிக்னலைவிட 22 டெசிபெல் கீழே. இந்த வளைவு ரிசீவருக்குத் தெரியாது, ஆகவே கழிபடாது. விதியின் விளிம்பில் உள்ள போன் ஒன்று இரைச்சலைவிட 30 டெசிபெல் மேலே வந்தால், கச்சிதமாகக் கழித்தபின்னும் இரைச்சலைவிட 8 டெசிபெல் பெரிய மிச்சம் கிடக்கும். பெருக்கியின் வளைவையும் கணித்துக் கழிக்கும் முறைகள் உண்டு. கணக்கும் மின்சாரமும் எக்கச்சக்கமாகச் செலவாகும்.

மூன்றாவதை நிரல் எழுதுபவர்கள் அடிக்கடி மறக்கிறார்கள்: வந்த அலையை எண்களாக மாற்றும் எண்ணாக்கி. 12 பிட் எண்ணாக்கியின் உத்தம எல்லை 74 டெசிபெல். உச்சங்கள் வெட்டுப்படாமலிருக்க 12 டெசிபெல் ஒதுக்கினால் மிஞ்சுவது 62. ரிசீவரின் தானியங்கிப் பெருக்கம் பலமானவரைப் பார்த்தே அளவை அமைக்கும். மெலிந்தவர் 60 டெசிபெல் கீழே இருந்தால் அவருக்கு எஞ்சுவது 2 டெசிபெல். அதற்குப் பின்னால் எந்தக் கணிதத்தாலும் அவரை மீட்க முடியாது. உச்சம் வெட்டுப்பட்டுவிட்டால் இன்னும் மோசம். இருவரும் நேர்கோட்டுக் கூட்டலாகவே இல்லாமல் போகிறார்கள்.

பல ஆன்டெனாக்கள் வந்தபின் படம் மாறுகிறது, ஆனால் கணக்கு மாறவில்லை. குறியீடுகளின் ஒட்டுறவு இருந்த இடத்தில் இப்போது இரு பயனர்களின் சேனல்களுக்கு இடையேயான ஒட்டுறவு. அரை அலைநீள இடைவெளியில் வரிசையாக 8 ஆன்டெனா. நேர் எதிரே ஒருவர், 15 பாகை தள்ளி இன்னொருவர், தடையில்லாத நேர்ப்பார்வை. ஒட்டுறவு 0.035, பிரிப்பது இலவசம் என்றே சொல்லலாம். அவர் 5 பாகையில் நின்றால் ஒட்டுறவு 0.81, இழப்பு 4.7 டெசிபெல். சம பலத்தில் வருபவர்களையும் பிரிக்க முடிவதுதான் இங்கே உண்மையான பெருலாபம். கட்டுரை 'இரட்டிப்பு' என்ற சொல்லை இந்த இடத்தில் வைத்திருந்தால் எதிர்க்க மாட்டேன். ஒரே அலைவரிசையில் இரண்டு, நான்கு, எட்டுப் பேர் என்று நிஜமாகவே அடுக்க முடிகிறது. பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இருவரை மட்டும் ஒரே நேரத்தில் சேர்க்காமல், தூரத் தூரத் திசைகளில் உள்ளவர்களைச் சோடி சேர்ப்பது டவரின் அட்டவணைப்படுத்தியின் வேலை. பிரிக்கும் ரிசீவரைவிட, யாரோடு யாரைச் சேர்ப்பது என்ற இந்த முடிவே பல நேரம் பலனைத் தீர்மானிக்கிறது.

அங்கேயும் தொல்லை பைலட்டில்தான் தொடங்குகிறது. ஒவ்வொருவரின் சேனலையும் தனியே கணிக்க, பைலட்டுகள் ஒன்றோடொன்று கலக்காதிருக்கவேண்டும். ஐந்தாம் தலைமுறையின் முதல் வெளியீட்டில் ஒரே நேரத்தில் இப்படிப் பிரியக்கூடிய பைலட்டுகள் அதிகபட்சம் 12. பக்கத்து டவரும் அதே பைலட்டைத் திரும்பப் பயன்படுத்தும்போது, நம் பயனரின் சேனலோடு அங்குள்ளவரின் சேனலும் கலந்தே கணிப்பில் வரும். ஆன்டெனா எண்ணிக்கையைக் கூட்டினால் இரைச்சல் ஓயும், இந்தக் கலப்பு ஓயாது என்பதை 2010இல் தாமஸ் மார்செட்டா காட்டினார். எளிய மருந்து, பக்கத்து டவர்களுக்கு வெவ்வேறு பைலட்டுகளை ஒதுக்குவது. அதற்குக் கொடுக்கும் விலை, தகவலுக்கு இருந்த நேரம்.

யாரும் யாரிடமும் அனுமதி கேட்காமல் அனுப்பும் இடங்களில் கழித்தல் அழகாக வேலை செய்கிறது என்பதையும் சொல்லவேண்டும். நார்மன் ஆப்ராம்சன் 1970இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் வகுத்த அலோஹா முறையில், மோதிய பொட்டலங்கள் எல்லாம் வீண். வழியின் பயன்பாடு 18.4 சதவீதத்தைத் தாண்டாது. நேரத்துண்டுகளுக்கு ஒழுங்குபடுத்தினால் 36.8. 2007இல் செயற்கைக்கோள் தொடர்புக்காக வந்த ஒரு திருத்தம் எளிமையானது: ஒவ்வொரு பொட்டலத்தையும் சட்டகத்தின் இரண்டு வெவ்வேறு துண்டுகளில் அனுப்பு, ஒவ்வொரு நகலிலும் மற்ற நகல் எங்கே என்று எழுதிவை. மோதாமல் வந்த நகலைப் படித்ததும், அதன் இரட்டையை மோதிய துண்டிலிருந்து கழித்தால் அங்கே சிக்கியிருந்தவர் வெளியே வருவார். அவருடைய இரட்டையைக் கழித்தால் இன்னொருவர். பயன்பாடு 55 சதவீதத்தை எட்டுகிறது. இரண்டு முறை அனுப்பி நெரிசலைக் கூட்டியும் லாபம் கிடைப்பது வியப்பாகத் தோன்றலாம். கழித்தல் நம்பகமாக நடக்கும்வரைதான் அது. ஒரு கழித்தல் கெட்டால் சங்கிலி அங்கேயே அறும்.

செல்போன்கள் டவரோடு முதல் தொடர்பு கொள்ளும்போதும் இதே நெரிசல். எல்டிஇயில் ஒரு டவருக்கு 64 முன்னுரைக் குறியீடுகள். போன் தானாக ஒன்றைப் பொறுக்கி அனுப்பும். வெவ்வேறு குறியீடுகள் ஒரே நேரத்தில் வந்தால் டவர் எளிதில் பிரித்துவிடும். 64ம் இதற்கே கிடைத்தாலும், 10 போன்கள் ஒரே வாய்ப்பில் முயன்றால் ஏதேனும் இருவர் ஒரே குறியீட்டை எடுக்கும் நிகழ்தகவு 52 சதவீதம். ஒரே குறியீட்டில் வந்த இருவரை இந்த நிலையில் பிரிக்க வழியில்லை. இருவரும் ஒருவராகவே டவருக்குத் தெரிவார்கள். அடுத்த செய்தியில்தான் மோதல் வெளிப்படும்.

சமமற்ற பலத்தில் அடுக்கி அனுப்பும் முறையை விதிமுறை வகுப்போர் கண்டுகொள்ளவில்லை என்றும் கட்டுரை குறைபட்டிருந்தது. அப்படியல்ல. டவரிலிருந்து போனுக்கு அனுப்பும் திசையில் அதன் ஒரு வடிவம் எல்டிஇயின் 14ஆம் வெளியீட்டில் இடம்பெற்றது. போனிலிருந்து டவருக்கு வரும் திசைக்கு, செல்போன் விதிமுறைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு பல முன்மொழிவுகளை ஒப்பிட்டு 2018 இறுதியில் ஆய்வை முடித்தது. விதிமுறையாக்கும் கட்டத்துக்கு அது போகவில்லை. பல ஆன்டெனாக்களும் நல்ல எம்எம்எஸ்இ ரிசீவரும் ஏற்கெனவே இருக்கும் டவரில், மேலே போட்ட 13 சதவீதக் கணக்கு எவ்வளவு சுருங்கும் என்று பார்த்தால் இதில் வியக்க ஒன்றுமில்லை. ஒற்றை ஆன்டெனா வைத்த, மலிவான, எப்போதாவது சில பிட்டுகளை மட்டும் அனுப்பும் உணரிகள் ஆயிரக்கணக்கில் உள்ள இடத்தில் நிலைமை வேறு. அங்கே இந்த முறைக்கு எதிர்காலம் இருப்பதாகவே நினைக்கிறேன்.

மென்பொருள் ரேடியோ வைத்து இதைச் செய்துபார்க்க விரும்பும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு அனுப்பிகளோடு தொடங்காதீர்கள். ஒரே ஒரு அனுப்பியை ஆன்டெனா இல்லாமல், 40 டெசிபெல் தணிப்பியோடு கேபிளில் இணைத்து, அவரைப் படித்து, மறுபடி உருவாக்கிக் கழித்து, மிச்சத்தின் திறனை அளவிடுங்கள். அனுப்பியை அணைத்தபோது உள்ள இரைச்சலோடு அதை ஒப்பிடுங்கள். மிச்சம் பொட்டலத்தின் தொடக்கத்தில் குறைவாகவும் முடிவில் கூடுதலாகவும் இருந்தால் அலைவெண் கணிப்பு தவறு. சீராக எல்லா இடத்திலும் கூடுதலாக இருந்தால் துடிப்பு வடிவமோ மாதிரி நேரமோ பொருந்தவில்லை. மாதிரி நேரத்தில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலே மிச்சம் கண்ணுக்குத் தெரியும். அனுப்பும் திறனைக் குறைத்தால் மிச்சத்தின் விகிதமும் குறைகிறது என்றால் பெருக்கி வளைக்கிறது. மிச்சம் சிக்னலைவிட 25 டெசிபெல்லாவது கீழே போகும்வரை இரண்டாவது அனுப்பியை மேசைமேல் வைக்கவேண்டாம்.

தங்கள் இதழுக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய அறிவிப்பு அடுத்தமுறை வரும்போது, இரு பயனர்களுக்கும் இடையே பலத்தின் வித்தியாசம் எத்தனை டெசிபெல், கழித்தபின் மிச்சம் எத்தனை டெசிபெல், ஒப்பிட்ட பழைய முறைக்கு அதே திறனும் அதே எண்ணிக்கை ஆன்டெனாவும் தரப்பட்டதா என்று செய்தியாளர் கேட்டு, கிடைத்த எண்களையும் சேர்த்து அச்சிடவேண்டும். எண் தர மறுத்தால், மறுத்தார்கள் என்பதையும்.

இப்படிக்கு,
தொலைத்தொடர்புப் பொறியாளர் ஒருவர்